காப்பீட்டு அட்டையில் அம்மாவுக்கு மூட்டு மாற்று: டாக்டரைத் தேடி அலைந்தது

அம்மாவுக்கு 67 வயது. நாற்பது வருடம் வயலில் நாற்று நட்ட கால். வலது முழங்கால் வில் மாதிரி வளைந்து, கடைசி இரண்டு வருடம் வாசல்படி இறங்கவே சுவரைப் பிடித்துக்கொண்டார். உசிலம்பட்டியில் தையல் வேலை பார்க்கும் எனக்கு, லட்சக்கணக்கில் கட்டி ஆபரேஷன் செய்ய வழியில்லை.

இருந்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. 2009-ல் கலைஞர் காப்பீடு வந்தபோது அப்பா வரிசையில் நின்று எடுத்தது. 2012-ல் திட்டம் மாறியபோது புதுப்பித்தோம். பிறகு அது குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை என்று உயர்ந்தது. அட்டை இருந்தால் போதும், எந்த டாக்டரிடமும் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் காப்பீட்டுத் திட்ட போர்டு பெரிதாக மாட்டியிருந்தார்கள். “கார்டு எடுப்பீங்களா?” என்றேன். “எடுப்போம், வாங்க” என்றார்கள். டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் பணம் கட்டிய பிறகு, “எங்களுக்கு ஹார்ட்டுக்கும் கிட்னிக்கும் மட்டும்தான் அப்ரூவல், மூட்டுக்கு இல்லம்மா” என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுமதி துறைவாரியாகத்தான் கிடைக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது இடத்தில் மூட்டுக்கு அனுமதி இருந்தது. ஆனால் “நல்ல கம்பெனி மூட்டு போட” கையிலிருந்து 60,000 ரூபாய் தரச் சொன்னார்கள். எங்கள் தெரு மெடிக்கல் கடைக்காரர் விவரம் தெரிந்தவர். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்துவிட்டது, சாதாரணமாகப் போடும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கே அப்போது 54,720 ரூபாய்தான், ஜிஎஸ்டி தனி என்றார். காப்பீட்டில் வரும் பணத்துக்கு மேல் எதற்கு 60,000? கேட்டேன். பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அப்புறம்தான் காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிக் கேட்காமல் ஆபரேஷனைச் சொல்லிக் கேளுங்கள்: “முழங்கால் மூட்டு மாற்றுக்கு எங்கள் மாவட்டத்தில் எங்கெங்கே அனுமதி இருக்கிறது?” அப்படிக் கேட்டபோது கிடைத்த பெயர்களில் ஒன்று மதுரை பெரியாஸ்பத்திரி.

அங்கே பார்த்த எலும்பு டாக்டர் முதலில் ஃபைலைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடக்கச் சொன்னார். பிறகு முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடக்கினார். நாங்கள் கொண்டுபோன எக்ஸ்ரேயைப் பார்த்து, “இது படுக்க வச்சு எடுத்தது. நிக்க வச்சு எடுத்தாதான் எலும்பு எவ்வளவு உரசுதுன்னு தெரியும்” என்று வேறு எடுக்கச் சொன்னார். புதுப் படத்தில் உள்பக்கம் எலும்போடு எலும்பு ஒட்டி நின்றது. நடுவில் ஒரு கோடு இடைவெளிகூட இல்லை. அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வலியை முதல் முறையாகக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

சர்க்கரை 280 இருந்ததால் அது குறைந்த பிறகுதான் தேதி என்று சொல்லிவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் அங்குள்ள காப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்தோம். ஆதாரில் அம்மா பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்தது. அதைத் திருத்திக் கொண்டுவந்த பிறகே முன் அனுமதிக்கு அனுப்பினார்கள். போகும் முன் உங்கள் வீட்டிலும் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பதினாலாம் நாள் காயத்தில் தையலுக்குப் பதில் போட்டிருந்த கிளிப்பை எடுக்கும்போது அம்மா ஒவ்வொன்றாக எண்ணினார், முப்பத்தொன்று. ஆபரேஷன், மூட்டு, மருந்து எதற்கும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. எங்களுக்கு ஆன செலவு போக்குவரத்து, வாக்கர், வீட்டுக் கழிப்பறைக்கு ஒரு கமோடு நாற்காலி.

நாலு மாதம் ஆகிறது. தரையில் மட்டும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூ கட்டுகிறார் அம்மா. இடது காலுக்கும் அதே டாக்டரிடம்தான் போகப்போகிறோம்.