ஹூசவிக் திமிங்கல அருங்காட்சியகம்: எலும்புகளில் எழுதப்பட்ட குளிர்

ஐஸ்லாந்தின் வடகரையில் உள்ள ஹூசவிக் ஊரில், பழைய இறைச்சிக்கூடம் ஒன்றில் இயங்கும் இந்த அருங்காட்சியகம், திமிங்கலங்களின் மீது அக்கறை உள்ள எவரும் ஒருமுறையேனும் காண வேண்டிய இடம். 25 மீட்டர் நீள நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடே பலரையும் ஈர்க்கும். என்னை நெடுநேரம் நிறுத்தியது அதன் முன்துடுப்பு. நம் கையைப் போலவே அதற்குள்ளும் விரலெலும்புகள் வரிசையாக இருக்கின்றன.

இந்தத் துடுப்பில் தமனிகளைச் சிரைகள் சுற்றி அமைந்திருப்பதால், வெளியே செல்லும் சூடான இரத்தம் திரும்பி வரும் குளிர்ந்த இரத்தத்திற்கு வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. உடலின் வெப்பம் கடலில் வீணாவது வெகுவாகக் குறைகிறது. இத்தகைய அமைப்பு சற்றே மேம்பட்டிருந்த உயிர்கள் பிழைத்து அதிகக் குட்டிகளை ஈன்றதன் விளைவையே, அதாவது இயற்கைத் தேர்வையே, இங்கே கண்ணெதிரே காண்கிறோம். ஆர்க்டிக்கின் திமிங்கலங்களான வில்தலை, பெலூகா, நார்வால் ஆகிய மூன்றில், பெலூகாவும் நார்வாலும் நெருங்கிய உறவினர்; வில்தலையோ அவற்றுக்குத் தூரத்து உறவுதான். ஆயினும் மூன்றுக்குமே முதுகுத் துடுப்பு இல்லை. பனிப்பாளத்தின் அடியில் நீந்தும் உயிருக்கு அது இடையூறு, வெப்பமும் அதன்வழி கசியும். வில்தலையின் கொழுப்புப் படலமோ சுமார் அரை மீட்டர் தடிமன் வரை வளரும்.

குழந்தைகளுடன் செல்வோர் அவசரப்படாமல், அரை நாளை இதற்கென ஒதுக்குங்கள்.