56,000 ரூபாய்க்கு கேமிங் பிசி வாங்கி ஏமாந்தேன். லிஸ்ட் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இதை எழுதும்போது அந்த கம்ப்யூட்டர் என் பக்கத்தில்தான் இருக்கிறது. சைடு கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். வாங்கி எட்டு நாள் ஆகிறது. 56,000 ரூபாய். நேற்று அதைப் போர்வையில் சுற்றி, ரயிலில் ஏற்றி, வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். இரண்டரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். தோள் இன்னும் வலிக்கிறது. கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பட்ஜெட் போட்டு பார்ட்ஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது, எதில் ஏமாற்றுவார்கள் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. சரியான பில் கையில் இல்லாமல் பெயர் போட்டால் எனக்குத்தான் சிக்கல். சென்னையில் மாடியில் இருக்கிற ஒரு கஸ்டம் பிசி கடை. கலர் கலராக விளக்கு எரிகிற கேபினெட்டுகளை அடுக்கி வைத்து ரீல்ஸ் போடுகிற ரகம். அந்த ரீல்ஸைப் பார்த்துதான் போனேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒழுங்காக வியாபாரம் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எங்கள் மாமா வருஷக்கணக்காக அங்கேதான் வாங்குகிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் அரக்கோணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாதம் 4,000 வீதம் 14 மாதம் எடுத்து வைத்த பணம் இது. பள்ளிக்கூடம் படிக்கும்போது பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து விளையாடியவன். சொந்தமாக ஒரு நல்ல பிசி வேண்டும் என்பது அப்போதிலிருந்து இருக்கிற ஆசை. ஆசை என்பதால் அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மூன்று மாதம் உட்கார்ந்து லிஸ்ட் போட்டேன். ரைசன் 5 5600 பிராசசர், பி450 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று உள்ள 550 வாட் பவர் சப்ளை, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. நோட்டுப் பக்கத்தில் விலையோடு எழுதி, கூட்டி, மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் அந்தக் காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்தார். "தம்பி, இது யாரு போட்ட லிஸ்ட்? நீங்களா? இங்க வர்றவங்க பாதிப் பேரு எத்தனை ஜிபின்னு மட்டும்தான் கேப்பாங்க. நீங்க பவர் சப்ளை வரைக்கும் எழுதியிருக்கீங்களே" என்றார். டீ வரவழைத்தார். என் ஊர், வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்தார். "கஷ்டப்பட்டு சேத்த காசு. என் தம்பிக்குப் பண்ற மாதிரி பண்ணித் தரேன்" என்றார். அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். எட்டு நாளாக அதுவேதான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

டீ குடித்து முடிப்பதற்குள் லிஸ்ட் மாறிவிட்டது. "6600 ஸ்டாக் இல்ல தம்பி, பத்து நாள் ஆகும். அதே வெலைக்கு அதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கு. 6600 வெறும் 128 பிட். இது 256 பிட், 8 ஜிபி. ஆர்எக்ஸ் 580, 2048எஸ்பி." எஸ்பி என்றால் என்ன அண்ணா என்று கேட்டேன். "ஸ்பெஷல்" என்றார்.

128 பிட், 256 பிட் (கார்டின் மெமரிப் பாதையின் அகலம்) இரண்டுமே உண்மைதான். அதனால்தான் வாயடைத்துப் போனேன். 6600 வந்தது 2021 அக்டோபரில். 580 வந்தது 2017-இல். நாலு வருஷம் பழைய ரகத்தின் பிட் கணக்கைக் காட்டி, புதியதைவிடப் பெரியது என்று நம்ப வைத்தார். எஸ்பி என்பது ஸ்பெஷலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஸ்ட்ரீம் பிராசசர், கார்டுக்குள் கணக்குப் போடுகிற சின்னச் சின்ன யூனிட். ஒழுங்கான 580-இல் அது 2304 இருக்கும். 2048 மட்டும் உள்ள குறைத்த கார்டை 2018-இல் சீனச் சந்தைக்காக விட்டார்கள். 570-இல் இருப்பதும் அதே 2048-தான். அதாவது பெயர் 580, உள்ளே இருப்பது 570. அதற்கு என்னிடம் 19,500 வாங்கினார்.

எனக்கு அன்று ஒருநாள்தான் லீவு. பத்து நாள் கழித்து இன்னொரு லீவு கேட்டால் சூப்பர்வைசர் தரமாட்டார். அது அவருக்கும் தெரியும், நானேதான் டீ குடிக்கும்போது சொன்னேன். சரி அண்ணா, போடுங்க என்றேன்.

அசெம்பிள் பண்ணுவதை உள்ளறையில் செய்தார்கள். பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "உள்ள ஏசி கெடையாது தம்பி, வேர்த்துடும், இங்கயே ஃபேன்கிட்ட உக்காருங்க" என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுவந்து வேலரண்ட் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். ஃபிரேம் வினாடிக்கு 200-க்கு மேல் போனது. சந்தோஷத்தில் எனக்குக் கை நடுங்கியது. வேலரண்ட் மிக லேசான கேம், அதை ஓட்டிக் காட்டுவதில் எதுவுமே நிரூபணம் ஆகாது என்று அப்போது தோன்றவே இல்லை.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சன்ட், பத்தாயிரத்துக்கு மேல கூடும். நமக்குள்ள எதுக்கு தம்பி? வாரண்டிக்கு நான் இருக்கேன்." 20,000 ஜிபேயில் அனுப்பினேன். 36,000 பணமாகக் கொடுத்தேன். எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: "அசெம்பிள்ட் சிபியு, 1 செட், 56,000." அவ்வளவுதான். எந்தக் கார்டு, எந்தப் பவர் சப்ளை, சீரியல் நம்பர், எதுவும் இல்லை. காலி டப்பாக்களைக் கேட்டதற்கு போர்டு டப்பாவும் பிராசசர் டப்பாவும் மட்டும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் ஓடியது. அம்மாகூட வந்து பின்னால் நின்று பார்த்தார்கள். திங்கள் ராத்திரி சைபர்பங்க் என்கிற கனமான கேமைப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, டப் என்று மொத்தமாக ஆஃப் ஆனது. மறுபடி ஆன் செய்தேன், மறுபடி ஆஃப். செவ்வாய்க்கிழமை போன் செய்தேன்.

"கேம் ஹெவி தம்பி, செட்டிங்ஸ் கொறைங்க."

குறைத்தேன். மறுபடி ஆஃப்.

"உங்க வீட்டுக் கரண்ட்ல ஏற்ற இறக்கம் இருக்கும். ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க."

எங்கள் வீட்டில் பிரிட்ஜ், டிவி எல்லாம் அதே கரண்டில்தான் ஓடுகிறது. புதன்கிழமை மறுபடி கூப்பிட்டேன். "டிரைவர் அப்டேட் பண்ணிப் பாருங்க" என்று கடைப் பையன் சொன்னான். டிரைவர் என்பது கார்டை இயக்குகிற மென்பொருள். கார்டின் சிப்பைச் செய்கிற ஏஎம்டி கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் திரை மங்கலாகிப் பெரிய எழுத்தாக வந்தது. டிவைஸ் மேனேஜரில் கார்டு பெயர் மேல் மஞ்சள் முக்கோணம், கோட் 43 என்ற பிழை. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. சாயங்காலம் கூப்பிட்டால், "யாரு உங்கள டிரைவர் அப்டேட் பண்ணச் சொன்னது?" என்று அதே பையன் என்னையே கேட்கிறான்.

வியாழக்கிழமை என் நண்பனை வரவழைத்தேன். மொபைல், லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன். கண்ணாடியைத் திறந்ததும், "மச்சான், இந்தக் கார்டு புதுசுன்னா சொன்னாங்க?" என்றான். கார்டைக் கழற்றித் திருப்பி வெளிச்சத்தில் காட்டினான். நடுவில் உள்ள நாலு ஸ்க்ரூவின் தலையும் தேய்ந்து வழவழத்திருந்தது. மெமரி சிப்புகளைச் சுற்றி எண்ணெய் கசிந்து, பலகைமேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் தெர்மல் பேட் (சிப்பின் சூட்டைக் கடத்துகிற மெத்தை) இப்படித்தான் எண்ணெய் விடும் என்றான். ஃபேன் இறக்கையை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள், ஹீட் சிங்க் இடுக்கில் தூசி அப்படியே இருந்தது.

மைனிங் கார்டு, அதாவது கிரிப்டோ நாணயம் சம்பாதிக்க ஓட்டிய கார்டு. இரவு பகலாக எத்தனை மாதம் ஓடியதோ. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த கார்டுகளில் இது ஒன்றாக இருக்க வேண்டும் என்றான். 4 ஜிபி கார்டுகள் 2020 கடைசியிலேயே அந்த வேலைக்கு உதவாமல் போய்விட்டன, கடைசிவரை அடிவாங்கியவை 8 ஜிபி கார்டுகள்தான். 8 ஜிபி என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்! மைனிங்குக்காகக் கார்டுக்குள் இருக்கிற அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றியிருப்பார்கள், மாற்றிய பயாஸை ஏஎம்டி டிரைவர் ஏற்காது, பேட்ச் என்கிற ஒரு சின்ன ஒட்டு மென்பொருள் போட்டால்தான் ஏற்கும். கடையில் அந்தப் பேட்சைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் புது டிரைவர் போட்டதும் அது அழிந்து குட்டு வெளிப்பட்டுவிட்டது.

பவர் சப்ளை இன்னும் மோசம். நான் எழுதிக் கொடுத்தது 80 பிளஸ் பிரான்ஸ். உள்ளே இருந்தது பெயரே கேள்விப்படாத ஒன்று, 500 வாட் என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர். ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் கார்டுக்கும் பிராசசருக்கும் கரண்ட் போகிற 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள், 192 வாட். இந்தக் குறைத்த 580 கார்டு ஒன்றே 150 வாட் வரை கேட்கும். 5600 பிராசசருக்கு 65. அந்த இரண்டுக்கு மட்டுமே 215 ஆகிவிடுகிறது. ஆஃப் ஆகாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டுக் கரண்டைக் குறை சொன்னாரே, அந்த ஆளுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

எஸ்எஸ்டியையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தான். 11,240 மணி நேரம் ஓடியிருக்கிறது. புதுசு என்று கொடுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய கணக்கு.

நேற்று போனபோது முதலில் "அண்ணன் வெளிய போயிருக்காரு" என்றார்கள். உள்ளறையில் அவர் குரல் கேட்டது. கத்தினேன். வந்தார். தம்பி போய் "சார்" ஆகிவிட்டேன். "சார், கண்ணாடியத் தொறந்திருக்கீங்க, ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, வாரண்டி கெடையாது." எந்த ஸ்டிக்கர் என்று கேட்டால் காட்டவில்லை. பழைய கார்டு என்றேன். "எஸ்டிமேட்ல எந்தக் கார்டுன்னு எழுதியிருக்கா? நீங்களே வேற கார்ட மாத்திக் கொண்டாந்திருந்தா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து. டீ வாங்கிக் கொடுத்த அதே மனுஷன். கடைசியில் கார்டை 4,500-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார், இருக்கிற மனசுக்கு அதுவே அதிகமாம். 19,500 வாங்கிவிட்டு எட்டே நாளில் 4,500! அந்த நேரத்தில் ஒரு அப்பாவும் மகனும் லிஸ்ட்டோடு உள்ளே வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைப் பையன் என்னை மெதுவாகப் படிக்கட்டு வரை நகர்த்திவிட்டான். அந்த அப்பாவிடமும் மகனிடமும் சொல்ல முடியாமல் போனது 56,000-ஐ விட அதிகமாக உறுத்துகிறது.

5600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றினால் திரையே வராது. ஆக 56,000 ரூபாயும் இப்போது மேஜைமேல் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், எஸ்டிமேட் சீட்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை. போடத்தான் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள், பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் பெயரும் சீரியல் நம்பரும் தனித்தனியாக இருக்க வேண்டும். பத்தாயிரம் மிச்சம் என்று நினைத்ததுதான் என் கையைக் கட்டிப்போட்டது. டப்பாவை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், டப்பாவில் உள்ள நம்பரும் பொருளில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். லிஸ்ட்டில் உள்ளது இல்லை என்றால் அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். லீவு போனால் போகட்டும். பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு ஷேடர் எண்ணிக்கையை (மேலே சொன்ன ஸ்ட்ரீம் பிராசசர் எண்ணிக்கைதான்) பாருங்கள், கனமான கேம் அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு. இன்றைக்கே கண்ணாடியைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து நேராக எட்டு பின் வயர் கார்டுக்கு வராமல், மோலெக்ஸ் என்கிற பழைய நாலு பின் முனையிலிருந்து இணைப்பு வயர் போட்டு ஒப்பேற்றியிருந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் போட்டிருந்தார்கள். நண்பன் கழற்றும்போது வெள்ளை பிளாஸ்டிக் முனை பழுப்பேறி, இளகி, பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா தூங்குகிற கட்டில் அந்த மேஜைக்கு இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது.