எங்கள் ஊரின் பெயருக்குள் ஒரு சடங்கு: வன்லுக் சொல்தேடி பற்றி ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

திருகோணமலையின் பெயரை ஆங்கிலத்தில் 'ட்ரிங்கோமலி' (Trincomalee) என்று எழுதினால் 11 எழுத்துகள் வரும். அவற்றுள் முதலில் நிற்கும் ரீ (T) என்ற எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, எஞ்சிய பத்தையும் ஒன்று கூடாமலும் ஒன்று குறையாமலும் இடம் மாற்றி அடுக்கினால் 'செரிமோனியல்' என்ற சொல் பிறக்கிறது. சடங்கு சார்ந்தது என்பது அதன் பொருள். கோணேசர் கோயில் கொண்டிருக்கும் ஊரின் பெயருக்குள் இப்படியொரு சொல் ஒளிந்திருப்பதை, உப்புவெளியில் பல ஆண்டுகளாக ஆங்கில வகுப்பு நடத்திவரும் நான் சென்ற மாதம்தான் கண்டேன். காட்டித் தந்தது வன்லுக் (OneLook) என்னும் இணையத்தளம். கட்டணம் எதுவும் கேட்காத அந்தத் தளத்தைப் பற்றி, ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கும் கற்பவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

குறிப்பிட்ட சில எழுத்துகளைக் கொண்ட நீளமான சொற்களைத் தேடுவதற்கு அச்சிட்ட அகராதி உதவாது. அகராதி சொல்லின் தொடக்கத்திலிருந்து வரிசைப்படுத்தப்பட்டது. கியூவில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம், ஆனால் நடுவில் எங்கோ கியூவும் ஸெட்டும் சேர்ந்து வரும் சொல் வேண்டுமென்றால் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டியதுதான். தரம் 10 மாணவர்கள் நீண்ட சொற்களின் எழுத்துக் கூட்டலை மறக்காமல் இருப்பதற்காக எழுத்து விளையாட்டுகளை நடத்தும் எனக்கு இந்தக் குறை நெடுநாளாகவே இருந்தது.

அதைத் தீர்க்க முதலில் ஒரு கைத்தொலைபேசிச் செயலியைத்தான் நம்பினேன். எழுத்துகளை உள்ளிட்டால் அது நூற்றுக்கணக்கான சொற்களைக் கொட்டியது. எந்தச் சொல்லுக்கும் பொருள் இல்லை. ஊரைப் பற்றிச் சுவர்ப் பத்திரிகை தயாரித்த நாளில், ஊர்ப் பெயரின் எழுத்துகளிலிருந்து கிடைத்த சொற்களால் தலைப்பை அலங்கரிக்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். ஒரு மாணவன் செயலியைப் பார்த்து, "சேர், ஒன்பது எழுத்தில ஒண்டு கிடைச்சிட்டுது!" என்று மகிழ்ச்சியோடு ஓடிவந்து தாளை நீட்டினான். அழகான எழுத்தில், நீல மையால் 'கிரிமேஷன்' என்று எழுதியிருந்தான். பிணத்தைத் தகனம் செய்வது என்று பொருள் சொன்னதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. சொல்லைத் தந்து பொருளை மறைக்கும் கருவி மாணவர் கையில் இருக்கக் கூடாது என்று அன்றே தீர்மானித்தேன்.

வன்லுக்கின் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. அது தானே ஓர் அகராதி அன்று. இணையத்திலுள்ள பல அகராதிகளை ஒரே இடத்திலிருந்து தேடித் தரும் வாயில். பட்டியலில் வரும் சொல்லைத் தொட்டால் அதன் பொருளும், அச்சொல் இடம்பெறும் அகராதிகளுக்கான இணைப்புகளும் கிடைக்கின்றன. தேடும் முறையோ சில குறிகளுக்குள் அடங்கிவிடுகிறது. உடுக்குறி (*) எத்தனை எழுத்துகளுக்கும் ஈடாக நிற்கும். வினாக்குறி சரியாக ஓர் எழுத்துக்கு நிற்கும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளையும் அதே வரிசையில் எழுதி, முன்னும் பின்னும் இடையிலும் உடுக்குறிகளை இட்டுத் தேடியபோது, உண்பதிலும் குடிப்பதிலும் அடக்கமுள்ளவரைக் குறிக்கும் 'அப்ஸ்டீமியஸ்' என்ற 10 எழுத்துச் சொல் வந்தது. ஐந்து உயிரும் அதில் ஒருமுறை மட்டுமே, வரிசை பிறழாமல் நிற்கின்றன. இந்த ஒரு சொல்லைக் காட்டியபின் ஆங்கில உயிரெழுத்துகளைப் பிள்ளைகளுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் அதிகம் பயன்படுத்துவது இரட்டைச் சாய்கோடு (//). அதன் பின்னால் எழுத்துகளை இட்டால், அவற்றை இடம் மாற்றி உருவாகும் சொற்களைத் தரும்; எழுத்துகளோடு வினாக்குறிகளையும் சேர்த்தால், அந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும், மொத்த நீளத்துக்குப் பொருந்தும் சொற்களைத் தரும். கியூ, ஸெட் இரண்டையும் எழுதி ஏழு வினாக்குறிகளை இட்டால், வியப்பும் வினாவும் கலந்த பார்வையைக் குறிக்கும் 'குவிஸிக்கல்' அகப்படும். கூட்டற் குறியின் வேலை வேறு. உடுக்குறிக்குப் பின் கூட்டற் குறியிட்டு எழுத்துகளை எழுதினால், அந்த எழுத்துகளை மட்டுமே கொண்ட சொற்கள் வரும். ஆனால் ஒரே எழுத்து எத்தனை முறையும் திரும்பி வரலாம். எங்கள் ஊர்ப் பெயரை இப்படி இட்டபோது, நினைவுகூர்தலைக் குறிக்கும் 'கொமமொரேஷன்' 13 எழுத்திலும், கண்டங்களுக்கிடையிலான என்று பொருள்படும் 'இன்டர்கொன்டினென்டல்' 16 எழுத்திலும் கிடைத்தன. 11 எழுத்துள்ள பெயருக்குள் 16 எழுத்துச் சொல்லா என்று மாணவர்கள் மலைத்தார்கள். என் என்ற எழுத்து அதில் நான்கு முறை வருவதை எண்ணிக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். எழுத்துகளைப் பெயரில் உள்ள அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி வைத்தபோது, சகிப்புத்தன்மையைக் குறிக்கும் 'ரொலரன்ஸ்' 9 எழுத்துகளுடன் தேறியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் ஊருக்கு அது பொருந்தும் என்று சுவர்ப் பத்திரிகையின் தலைப்பில் அதையே ஒட்டினார்கள்.

கழித்தற் குறி, அதன் பின் வரும் எழுத்துகளை விலக்கும். நான்கு ஏ இருக்க வேண்டும், மற்ற உயிர்கள் நான்கும் இருக்கக் கூடாது என்று கேட்டுப் பார்த்தோம். வந்தவற்றுள் 'கட்டமரான்' இருந்தது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குள் போய் அப்படி ஆகியிருக்கிறது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மிதவைக்கு வைத்த பெயர் அங்கே இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது என்பதையும் அகராதியிலேயே படித்தோம். சொல்லுக்குப் பொருள் அருகில் இருப்பதன் அருமை இதுதான்.

சொல்லவேண்டிய எல்லைகளும் உண்டு. ஓர் எழுத்தும் திரும்பி வராத நீண்ட சொல் வேண்டும் என்ற நிபந்தனையை நான் மேலே சொன்ன குறிகளால் கேட்க முடியாது. பதிப்புரிமை பெற இயலாத என்று பொருள்படும் 'அன்கொப்பிரைட்டபிள்' அவ்வகையான 15 எழுத்துச் சொல், அதை வேறு வழியில்தான் அறிந்துகொள்ள வேண்டும். பல அகராதிகளிலிருந்து திரட்டப்படுவதால் ஆள், இடப் பெயர்களும் சொற்றொடர்களும் பட்டியலில் கலந்து வரும். ஸ்க்ரபிள் ஆடுபவர்கள் அந்த விளையாட்டுக்கான கொலின்ஸ் சொற்பட்டியலோடு ஒப்பிட்ட பின்பே பலகையில் வைக்க வேண்டும்.

குறிகளுக்கான விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், அதைத் தமிழில் அரைத்தாளில் எழுதி வகுப்பின் வெண்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி அதைப் பார்த்துத் தன் ஊர்ப் பெயரின் 7 எழுத்துகளையும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் இட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு வினாக்குறியைக் கூட்டித் தேடிக்கொண்டிருக்கிறாள்.