கூலன்ட் மாறும்போது ரேடியேட்டர் மூடியும் மாறட்டும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கார் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க ரேடியேட்டர் மூடியை எப்போது மாற்ற வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் மூடியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்று அவருக்குப் பதில் எழுதினேன். இந்தப் பதிலை எந்தப் பராமரிப்புக் கையேட்டிலிருந்தும் நான் எடுக்கவில்லை. என் காரில் அந்தச் சிறிய பாகம் தளர்ந்துபோனதும், அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டதும்தான் என்னை அப்படிச் சொல்லவைத்தன.

காருக்குச் சேரவேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிட வேண்டும். பல ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் இந்தப் பெட்ரோல் காரின் குளிரூட்டும் அமைப்பு மிகுந்த கவனத்தோடு வடிவமைக்கப்பட்டது. வாட்டர் பம்ப் காரோடு வந்ததுதான், இன்றுவரை கசியவில்லை. ஹோஸ்களில் வெடிப்பு இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருக்க, நான்கு பேரோடு நீண்ட ஏற்றத்தில் ஏறினாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். மூடி தளரத் தொடங்கிய பிறகும் வெகுகாலம் அது நடுவிலேயே நின்றது என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பல கார்களில் கூலன்டின் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடியே அந்தக் காட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. முள் ஏறிய பிறகு மூடியைப் பார்க்கலாம் என்று இருப்பவர், கடைசி எச்சரிக்கையை முதல் எச்சரிக்கையாக எண்ணுகிறார்.

எனக்கு முதலில் தெரிந்த அறிகுறி வேறு. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில், ரேடியேட்டரோடு சிறு குழாயால் இணைந்த ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. அதே சமயம் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கழுத்து வரை இருக்க வேண்டிய கூலன்ட் உள்ளே இறங்கியிருந்தது. ரேடியேட்டரில் விட்டு நிரப்பினாலும் சில நாட்களில் மறுபடி இறங்கியது. கழுத்தைச் சுற்றிக் காய்ந்த கூலன்டின் வெளிறிய படிவு இருந்தது. நெரிசலில் ஊர்ந்துவிட்டு வண்டியை நிறுத்தினால் பாட்டிலுக்குள் குமிழிகள் எழும் ஓசை கேட்டது. இவை அனைத்தும் சேர்ந்து முதலில் மூடியைச் சுட்டிக்காட்டும் அறிகுறிகள். பாட்டிலை மட்டும் பார்த்துக் கூலன்ட் இருக்கிறது என்று நிம்மதி அடைவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் இதுவே சான்று.

மூடியின் வேலை ரேடியேட்டரின் வாயை மூடுவது மட்டுமாக இருந்தால் இத்தனை எழுத வேண்டியதில்லை. அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட பெரிய வால்வு, கழுத்தின் உள்விளிம்பில் ரப்பர் வாஷரோடு அமர்ந்து உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கிறது. அழுத்தம் மூடியின் மேல் அச்சிட்ட அளவைத் தாண்டும்போது மட்டும் எழுந்து, விரிந்த கூலன்டைச் சிறு குழாய் வழியாகப் பாட்டிலுக்கு அனுப்புகிறது. அதன் நடுவிலுள்ள சிறிய வெற்றிட வால்வு, இன்ஜின் ஆறிக் கூலன்ட் சுருங்கும்போது திறந்து, போனதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மூடியின் மேற்பகுதியில் இன்னொரு வாஷர் வெளிக்காற்று புகாமல் அடைக்கிறது. இந்த மேல் வாஷர் வெடித்திருந்தால், ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்ட் வருவதற்குப் பதிலாக மேலிருந்து காற்று நுழையும். பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்ததற்கு அதுவே காரணம்.

அழுத்தத்தின் பயனைச் சில எண்களில் சொல்லலாம். கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 1.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு, ஒரு பார் ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) மூடியின் கீழ் ஏறத்தாழ 122 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலன்டுக்கு இந்த வரம்பு இன்னும் சில டிகிரி மேலே இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்து 0.6 பாரிலேயே வால்வு எழுந்துவிட்டால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 113 டிகிரிக்கு இறங்கிவிடும். வாஷர் தளர்ந்த குக்கரில் விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி கசிவதைப் போன்ற நிலை இது. முள் காட்டும் வெப்பம் 113-ஐ எட்டவே இல்லையே என்று கேட்கலாம். முள் காட்டுவது சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே. சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளை ஒட்டிய உலோகச் சுவர் அதைவிட வெகு அதிகமாகச் சூடாகியிருக்கும். அங்கே குமிழிகள் பெருகிப் படலமாகத் திரளாமல் தடுப்பது இந்த அழுத்தம்தான். இன்ஜினை நிறுத்தியவுடன் கூலன்ட் ஓட்டம் நின்று, உலோகத்தில் தேங்கிய வெப்பம் கூலன்டில் ஏறும் அந்தச் சில நிமிடங்களிலும் இதே அழுத்தம் தேவைப்படுகிறது. உயரமான மலைப்பகுதிகளில் காற்றழுத்தமே குறைவு என்பதால், தளர்ந்த மூடி அங்கேதான் முதலில் காலைவாரும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். வண்டியை விட்ட ஒர்க்‌ஷாப்பில் முதலில் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். அதன் பிறகு ஃபேன் ரிலேயைச் சந்தேகித்தார்கள். நெரிசலில் முள் ஏறுகிறது என்று ஒருவர் வந்து சொன்னால் தெர்மோஸ்டாட்டையும் ஃபேனையும் பார்ப்பது தவறே இல்லை. நானும் அந்த வரிசையிலேயே யோசித்திருப்பேன். ஆனால் கூலன்ட் குறைகிறது என்றும் பாட்டில் நிரம்பி நிற்கிறது என்றும் தெளிவாகச் சொன்ன பிறகும் மூடியை எவரும் சோதிக்கவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

அவர்கள் கசிவுச் சோதனை செய்யாமலும் இல்லை. கையால் அடிக்கும் அழுத்தப் பம்பைப் பொருத்தி, அழுத்தம் இறங்கவில்லை, எங்கும் கசிவில்லை என்று என்னிடம் காட்டினார்கள். அந்தப் பம்பு பொருத்தப்படுவது ரேடியேட்டரின் கழுத்தில். அதைப் பொருத்த வேண்டுமானால் முதலில் மூடியைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். ஆகவே ரேடியேட்டர், ஹோஸ், ஹீட்டர், பம்ப் என அமைப்பின் எல்லா உறுப்புகளும் சோதிக்கப்பட, பழுதான ஒரே உறுப்பு மட்டும் வெளியே இருந்தது. சோதனையில் எல்லாம் தேறிய பிறகு அதே மூடியைத் திரும்பப் போட்டார்கள். மூடியைச் சோதிக்கத் தனி அடாப்டர் உண்டு. அதில் மூடியைப் பூட்டிப் பம்பை அடித்தால், அச்சிட்ட அளவுக்கு அருகே வால்வு திறக்கிறதா, அதற்குக் கீழே அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இன்னொரு மெக்கானிக் அதைச் செய்தார். 1.1 என்று அச்சிட்ட என் மூடி 0.6 பாரைத் தாண்டவில்லை.

புதிய மூடி போட்ட பிறகு கிடைத்த மாற்றம் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. ஓடி நின்ற பிறகு பாட்டிலில் கூலன்ட் சற்று ஏறுவதும், காலையில் பழைய கோட்டுக்கே இறங்கியிருப்பதும் ஒழுங்காக நடக்கின்றன. குமிழி ஓசை நின்றது. முள் அதன் பிறகு நடுவை விட்டு நகரவில்லை.

மாற்றுபவர்கள் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்த அளவு கார் தயாரிப்பாளர் குறித்த அளவாகவே இருக்க வேண்டும், மூடிகளில் 0.9, 1.1 என்றோ 13, 16 பிஎஸ்ஐ என்றோ அச்சிட்டிருப்பார்கள். கூடுதல் அழுத்தம் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணிப் பெரிய எண்ணைப் போட்டால், பழைய ஹோஸோ ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியின் இணைப்போ விட்டுவிடும். எண் பொருந்தினாலும் கழுத்தின் ஆழம் பொருந்தாவிட்டால் வால்வு விளிம்பில் சரியாக அமராது. அந்த விளிம்பில் அரிப்போ கீறலோ இருந்தால் எந்தப் புது மூடியும் அழுத்தத்தைப் பிடிக்காது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் வெற்றிட வால்வு சிக்கியிருக்கக்கூடும். தனி பாட்டில் இல்லாமல், அழுத்தம் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டாங்க்கின் மேலேயே திருகு மூடி இருக்கும் கார்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். அவற்றில் வால்வு உள்ளே மறைந்திருப்பதால் கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய கணத்தில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தும்போது அது தொய்வாகவும் சூடின்றியும் இருந்தால் மட்டும் தொடுங்கள். ஆறிய இன்ஜினை இயக்கிய சிறிது நேரத்திலேயே ஹோஸ் கல்லைப் போல இறுகினாலோ, புது மூடி போட்ட பிறகும் பாட்டிலில் குமிழிகள் நிற்காவிட்டாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்பு) வழியே கூலன்டில் கலக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதை எந்த மூடியாலும் தீர்க்க முடியாது.

நியாயமாகப் பார்த்தால், ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, தேறாத மூடியை மட்டும் மாற்றினால் போதும். என் பழைய மூடியும் நெடுங்காலம் குறையின்றி உழைத்த பிறகே தளர்ந்தது. இருந்தாலும் சோதிக்கச் சொன்னால் யாராவது சோதிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. சாதாரணக் கூலன்டைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளிலோ 40,000 கிலோமீட்டரிலோ மாற்றுகிறோம். அப்போது மூடியும் மாறட்டும். ஐந்து ஆண்டுகள் தாங்கும் நீடித்த ஆயுள் கூலன்ட் ஊற்றியவர்கள் அதுவரை காத்திராமல் இடையில் ஒருமுறை மாற்றுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் முதல் சர்வீஸிலேயே மாற்றிவிடுங்கள். என் காரின் குளிரூட்டும் அமைப்பை இவ்வளவு புகழ்ந்த பிறகும், அதற்கு நான் முழு மதிப்பெண் தரப்போவதில்லை. ஏர் ஃபில்டருக்கும் வைப்பர் ரப்பருக்கும் இடம் கொடுத்த பராமரிப்பு அட்டவணையில், இன்ஜினையே காக்கும் இந்த மூடிக்கு ஒரு வரிகூட இல்லை.