சிக்னலுக்கு எல்இடி பல்ப்: கனகாலம் பாவிச்சுப் பாத்த பிறகு சொல்லுறன்

போன கிழமை ஒரு மச்சான் கோல் எடுத்து, எல்இடி போட்ட பிறகு சிக்னல் படபடவெண்டு துடிக்குதடா, நீ உன்ர பைக்குக்கு என்ன செய்தனி எண்டு கேட்டவன். கோலில சொல்லி முடியிற விசயம் இல்லை, இஞ்ச கனபேர் இதையே கேக்கிறதால முழுசா எழுதுறன்.

என்ர பைக் 150 சிசி, நாலு சிக்னலுக்கும் 10 வாட் கம்பிப் பல்ப்தான் கொம்பனியில இருந்து வந்தது. விசுவமட்டில இருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வாறன். பின்னேரம் திரும்பி வரேக்க பரந்தன் சந்தியில ஏ9 இல இருந்து வலப்பக்கம் முல்லைத்தீவு ரோட்டுக்குத் திருப்பவேணும், பின்னால யாழ்ப்பாண பஸ் கலைச்சுக்கொண்டு வரும், முன்னால லொறி வரும், அந்த நேரம் பின் சிக்னல் மற்றவனுக்குத் தெரியுதோ இல்லையோ எண்டது உயிர்ப் பிரச்சினை.

அதில எல்இடிக்குக் குறையே சொல்லேலாது. மத்தியான வெயிலில கம்பிப் பல்ப் எரியுதோ இல்லையோ எண்டே பின்னால வாறவனுக்குத் தெரியாது, இது தூரத்திலயே பளிச்செண்டு அடிக்கும். தட்டின உடன முழு வெளிச்சம். பற்றறி இறங்கிக் கிடந்தாலும் சிக்னல் மங்கிறேல்லை, நான் எதிர்பாக்காத சந்தோசம் அதுதான். ஒண்டு மட்டும் பாத்து வாங்குங்கோ, வெள்ளை எல்இடியை செம்மஞ்சள் கண்ணாடிக்குள்ள போட்டால் வெளிறின மஞ்சளாத்தான் தெரியும், பல்ப்பே செம்மஞ்சளா இருக்கவேணும்.

இனித் தலையிடிக் கதை. சிக்னல் ரிலே, அதாவது சிக்னலை விட்டு விட்டு எரியவைக்கிற சின்னப் பெட்டி, தனக்குள்ளால போற கரண்டைப் பாத்துத்தான் துடிக்கும். முன் பல்ப் 10 வாட், பின் பல்ப் 10 வாட், 12 வோல்ட்டில ஒண்டரை அம்பியருக்கு மேல போகும். எல்இடி ரெண்டும் சேந்து 3 வாட் எண்டால் கால் அம்பியர்தான். ரிலே என்ன நினைக்கும்? ஒரு பல்ப் போயிட்டுது எண்டு நினைச்சு வேகமாத் துடிக்கும். சில பழைய ரிலேக்கள் துடிக்காமல் அப்பிடியே எரிஞ்சுகொண்டு நிக்கும். நிமிசத்துக்கு 60 இல இருந்து 120 தரத்துக்குள்ள துடிக்கவேணும் எண்டதுதான் பொதுவான கணக்கு, அதைத் தாண்டினால் பாக்கிறவனுக்கு என்ன சொல்லுறம் எண்டே விளங்காது.

பல்ப் வித்த கடையிலயே இதுக்கு எண்டு, கரண்டைக் கூட இழுத்து ரிலேயை ஏமாத்திற ரெசிஸ்டர் ரெண்டும் தந்தாங்கள், அந்த அலுமினியக் கட்டி மாதிரி இருக்கிறது, 50 வாட் 6 ஓம். பூட்டினதும் அவங்கட ஆள்தான். 12 வோல்ட்டை 6 ஓமில போட்டால் 2 அம்பியர், அதாவது 24 வாட். பழைய பல்ப் ரெண்டும் சேந்தே 20 வாட்தானே! கரண்ட் மிச்சம் பிடிக்கவெண்டு எல்இடி போட்டிட்டு அதைவிடக் கூட கரண்டை சூடாக்கி வீணாக்கிறதுக்கு ஒரு சாமானைக் காசு குடுத்து வாங்கிறது என்ன வேலை எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. இரும்பில இறுக்கிப் பூட்டவேண்டியதை அந்தாள் பின் கவருக்குள்ள பிளாஸ்ரிக்கோட டேப் சுத்தி விட்டிருக்கு. சீற்றைக் கழட்டிப் பாத்தால் டேப்பின்ர பசை உருகி வழிஞ்சு, பிளாஸ்ரிக் கொப்பளிச்சு, பக்கத்து வயரின்ர தோல் பளபளவெண்டு இளகிக் கிடக்கு. அதுக்கு மேலதான் பெற்றோல் டாங்குக்குப் போற வயர் கட்டும் ஓடுது. நினைச்சால் இப்பவும் கோபம் வருது.

சரியான மருந்து எல்இடி ரிலே. அது கரண்டைப் பாக்காது, தன்ர கணக்கில துடிக்கும். ரெண்டு காலில் வாறதும் இருக்கு, ஏர்த் காலோட மூண்டு காலில் வாறதும் இருக்கு, பழசைக் கழட்டிக் கையில கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கோ, கால் மாறினால் வேலை செய்யாது.

அதையும் போட்டாச்சு, வேகம் சரி, ஆனால் இப்ப இடப்பக்கம் போட்டால் நாலும் துடிக்குது! காரணம் மீட்டரில இருக்கிற ஒற்றைப் பச்சை லைட். அதின்ர ஒரு கால் இடப்பக்க வயரில, மற்றக் கால் வலப்பக்க வயரில. இடப்பக்கம் போட்டால் கரண்ட் பச்சை லைட்டுக்குள்ளால போய் வலப்பக்கப் பல்ப்புகளுக்குள்ளால ஏர்த்துக்கு இறங்கும். கம்பிப் பல்ப்புக்கு அந்தக் கொஞ்சக் கரண்ட் காணாது, எரியாது. எல்இடிக்குத் தாராளம். இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி அம்பு லைட் இருக்கிற பைக்குகளுக்கு இந்தக் கரைச்சல் வராது. எனக்கு இதைத் தீத்துத் தந்தது பைக் கராஜ் இல்லை, ரேடியோ திருத்திற ஒரு அண்ணை. 1 என் 4007 டயோட் (கரண்டை ஒரு பக்கமா மட்டும் போகவிடுற சாமான்) ரெண்டு, ஒண்டு இடப்பக்க வயரில இருந்து, ஒண்டு வலப்பக்க வயரில இருந்து, வெள்ளிக்கோடு இருக்கிற பக்கம் ரெண்டையும் சேத்துப் பச்சை லைட்டின்ர ஒரு காலுக்கு, மற்றக் கால் ஏர்த்துக்கு. ஈயம் வைச்சு ஒட்டி ரியூப் போட்டு மூடிவிட்டார். டயோட் ரெண்டும் ஒரு தேத்தண்ணிக் காசு வராது.

அதுக்குப் பிறகு நல்லாத்தான் ஓடினது, மாரிக்கும் செம்மண் புழுதிக்கும் தாக்குப் பிடிச்சது. ஆனால் இப்ப நடந்ததைச் சொல்லவேணும். பின் இடப்பக்கப் பல்ப் செத்துப்போச்சு. மீட்டரில பச்சை லைட் வழமைபோலத் துடிக்குது, ரிலே சத்தமும் அதே சத்தம், முன் பல்ப்பும் எரியுது. பின்னால வந்த ஒராள் தருமபுரத்தில ஹோர்ன் அடிச்சு மறிச்சு, தம்பி சிக்னல் இல்லாமல் வெட்டுறீர் எண்டு பேசினாப் பிறகுதான் தெரியும். பழைய ரிலேயும் கம்பிப் பல்ப்பும் எண்டால் முதல் நாளே படபடவெண்டு துடிச்சு, பல்ப் போச்சுப் பார் எண்டு சொல்லியிருக்கும். நாங்கள் இவ்வளவு பாடுபட்டு நிப்பாட்டினது அந்த எச்சரிக்கையைத்தான்.

அதால மச்சானுக்கு நான் சொன்னது, மாத்தாதை. வெளிச்சம் திறம், எல்லாம் திறம், ஆனால் சிக்னலுக்குக் கம்பிப் பல்ப்பே இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கிப்போட்ட ஆக்கள் ரிலேயும் டயோட்டும் போட்டுக்கொண்டு, காலமை வெளிக்கிட முதல் இறங்கிப் பின்னுக்குப் போய் ரெண்டு பக்கமும் துடிக்குதோ எண்டு பாருங்கோ. கடையில ரெசிஸ்டரை நீட்டினால் வாங்காதேங்கோ.