பழைய கார் இறக்குமதி என்று 23,400 வெள்ளி போனது, நீங்களாவது கவனமாக இருங்கள்

நேற்று மாலைதான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். வயிறு இன்னும் எரிகிறது. 23,400 சிங்கப்பூர் வெள்ளி. எட்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். வெளிநாட்டுப் பழைய கார்களைத் தருவித்துப் பதிவும் செய்து தருகிறோம் என்று தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் அலுவலகம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தரகரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறேன். விசாரணை நடப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

என் அப்பா 1960களில் ஒரு டாக்டர் வீட்டில் மோரிஸ் மைனர் ஓட்டினார். இப்போது அவருக்கு 84 வயது. அந்தக் காரில் அவரை ஒரு தடவை செராங்கூன் சாலையில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தரகரிடம் நான் முதலில் சொன்னதே இதைத்தான். சொல்லியிருக்கக் கூடாது.

தே தாரிக் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். "அண்ணே, முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். பழைய கார் என்றால் சாதாரணமாக மூன்று வயதுக்குள் இருந்தால்தான் இங்கே கொண்டுவர முடியும்; 35 வயதைத் தாண்டிவிட்டால் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதியலாம், ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம் என்றார். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். எல்லாமே உண்மை. "காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சப்படுத்தலாமா?" என்று அங்கிருந்த இன்னொருவர் கேட்டதற்கு அவர் முகம் சுளித்தார். "அந்த வேலையே வேண்டாம். பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல் 20 மடங்கு வரை அபராதம், சிறையும் உண்டு. நேர்மையாகவே கட்டுவோம்" என்றார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். இப்போது யோசித்தால், கேட்டவரும் அவருடைய ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு கைபேசியில் ஒரு காணொளி காட்டினார். 1960ஆம் ஆண்டு வண்டி, இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் நிற்கிறது. யாரோ விசையைத் திருப்ப, கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. அந்தக் காலத்தில் திரும்புவதற்குச் சைகை காட்டியது இந்தக் கைதான். அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான கை. அன்றே 15,000 வெள்ளி முன்பணம் அனுப்பினேன். கப்பல் கட்டணம், காப்புறுதி என்று அடுத்த வாரம் 2,240.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, "கப்பல் வந்துவிட்டது, மாலைக்குள் சுங்க வரி கட்டாவிட்டால் துறைமுகத்தில் நாள் வாடகை ஏறும்" என்று செய்தி வந்தது. கூடவே கணக்கும் அனுப்பியிருந்தார். கப்பல் செலவும் காப்புறுதியும் சேர்த்து மதிப்பு 20,000. அதற்குக் கலால் வரி 20 விழுக்காடு, 4,000. இரண்டையும் கூட்டிய 24,000க்குப் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, 2,160. ஆக 6,160 வெள்ளி. நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வரி போடும் முறையும் அதுதான், தொகையும் ஒரு காசு பிசகவில்லை. கணக்கு சரியாக இருந்ததால் கேட்ட ஆளும் சரியான ஆள் என்று நினைத்துவிட்டேன். அவர் கொடுத்த ஒரு தனி ஆளின் எண்ணுக்கு, பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக அனுப்பினேன். மொத்தம் 23,400.

அதன் பிறகு கேட்டதெல்லாம் சாக்குதான். சுங்கத்துறை சோதனைக்கு எடுத்திருக்கிறது என்றார். அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்றார். வரி கட்டியதற்கான அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள் என்றேன். "அது எங்கள் அலுவலக ஆவணம் அண்ணே, வாடிக்கையாளருக்குத் தர முடியாது" என்று பதில். நேரில் போனால், கதவுக்குள் தலையை மட்டும் நீட்டிய ஒரு பையன் முதலாளி ஜோகூர் போயிருக்கிறார் என்றான். நான்கு முறை போனேன், நான்கு முறையும் ஜோகூர். கடைசியாக, "பெரியவர் ஆசை என்று நான்தான் இரக்கப்பட்டு விலையைக் குறைத்தேன், இப்படி நச்சரித்தால் எப்படி?" என்று குரல் பதிவு அனுப்பினார். என் அப்பாவை இதில் இழுத்ததை என்னால் மன்னிக்கவே முடியாது.

சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பரிடம், தரகர் கொடுத்த கப்பல் சரக்குச் சீட்டைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரக்கை அடைத்து அனுப்பும் கொள்கலனின் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் கடைசி இலக்கம் வர வேண்டும். இதில் வரவில்லை. "இப்படி ஒரு கொள்கலனே இருக்க முடியாது" என்றார் நண்பர். காரும் இல்லை, கப்பலும் இல்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால் அங்கே வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் எழுதிச் சம்மதித்தால் 30,000 வரை கேட்கலாம். அந்த ஆளா சம்மதிப்பான்? இல்லையென்றால் 3,400ஐக் கைகழுவிவிட்டு மீதிக்கு மட்டும் போராட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுங்க வரியைத் தனி ஆளின் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அனுமதிச் சீட்டின் நகல் இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். கொள்கலன் எண்ணைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சந்தேகம் வந்த உடனே மோசடி உதவி எண் 1799க்கு அழையுங்கள். நான் மூன்று வாரம் தாமதித்தேன்.

இன்னொன்று. சாம்பல் கலந்த பச்சை மோரிஸ் மைனர், இடது முன்விளக்குக்குக் கீழே கட்டைவிரல் அளவு நசுங்கல், பின்னால் செங்கல் சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருக்கும். இந்தக் காணொளியை உங்களுக்கும் யாராவது காட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள். புகார் எண் தருகிறேன், சேர்ந்தே போவோம்.