ஜெர்மனில இன்டர்னா போய் 430 யூரோ ரூம்ல ஆறு மாசம்: ஒரு வேலூர்க்காரனோட அனுபவம்

இத ரூம் கிடைச்ச அன்னைக்கே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன், மூணாவது மாசம் எழுதியிருந்தா திட்டித் தீர்த்திருப்பேன். காலி பண்ணிட்டு வந்து அட்வான்ஸ்ல கடைசி பைசா கைக்கு வந்த அப்புறம் எழுதறேன், அதனால கொஞ்சம் நிதானமாவே இருக்கும்.

2024 மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இன்டர்ன்ஷிப், கம்பெனி ஸ்டுட்கார்ட் பக்கத்துல எஸ்லிங்கன். மாசம் 900 யூரோ ஸ்டைபண்ட். காலேஜ் கோர்ஸ்ல கட்டாயமா வர்ற இன்டர்ன்ஷிப்னா அங்க மினிமம் வேஜ் கணக்கு கிடையாது, அதனால குடுக்கறத வாங்கிக்கினு அதுலயே ரூமும் சாப்பாடும் பாத்தாகணும். ஸ்டுட்கார்ட் சிட்டிக்குள்ள ரூம் வாடகைய பாத்தப்பவே பாதி உசுரு போச்சு.

டிசம்பர்லயே தேட ஆரம்பிச்சிட்டேன். அங்க எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வழின்னா வேகே தான், அதாவது ஒரே வீட்ட பல பேர் ஷேர் பண்ணிக்கறது, ஆளுக்கு ஒரு ரூம், கிச்சன் பாத்ரூம் பொது. வேகே-கேஸூக்ட்னு ஒரு சைட், எல்லாரும் அதுலதான் தேடறாங்க. நானும் ஒரே மெசேஜ காப்பி பேஸ்ட் பண்ணி ஐம்பது அறுபது பேருக்கு அனுப்பினேன், ஹாய் ஐ ஆம் எ ஸ்டூடண்ட் ஃப்ரம் இந்தியா, ஐ ஆம் க்ளீன் அண்ட் ஃப்ரெண்ட்லி. ஒருத்தன் கூட பதில் போடல.

பதில் போட்டவன் ஒரே ஒருத்தன், அவன் ஃப்ராடு. சிட்டி நடுவுல ஃபுல் ஃபர்னிஷ்டு வீடு, 380 யூரோ, போட்டோல பாத்தா ஸ்டார் ஹோட்டல் மாதிரி கீது. ஓனர் இப்ப லண்டன்ல இருக்காராம், ரெண்டு மாச வாடகை அனுப்புனா சாவிய கூரியர்ல போட்டுடுவாராம். நான் கிட்டத்தட்ட அனுப்பறதா இருந்தேங்க, வெக்கத்த விட்டு சொல்றேன். அப்பா தான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தவரு, "டேய், சாவிய கூரியர்ல அனுப்பறவன் எங்கயாச்சும் வீட்டு ஓனரா இருப்பானா? நாம இத்தன வருஷமா ரூம் விடறோம், ஆள பாக்காம ஒருத்தர் கையில சாவி குடுத்துக்கீறோமா?"ன்னாரு.

இங்க ஒண்ணு சொல்லிடணும். எங்க வீடு தோட்டப்பாளையம், மாடில ரெண்டு ரூம் வாடகைக்கு விடறோம், சிஎம்சிக்கு வைத்தியம் பாக்க வர்றவங்களுக்கு. கல்கத்தா, ஜார்கண்ட், பங்களாதேஷ்னு எங்கெங்க இருந்தோ வருவாங்க, ஒரு வாரம்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் இருப்பாங்க. வந்து நின்ன உடனே அம்மா நாலே நாலு கேள்வி கேப்பாங்க, எத்தன பேரு, எத்தன நாளு, சமையல் உண்டா, எப்ப காலி பண்ணுவீங்க. அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டாங்க, அவங்க நல்லவங்களா ஃப்ரெண்ட்லியான்னு அம்மாவுக்கு கவலையே இல்ல.

அப்பா சொன்னதுக்கு அப்புறம் தான் மண்டைல ஏறுச்சு, நான் அனுப்புன மெசேஜ்ல அம்மாவோட நாலு கேள்வில ஒண்ணுக்கு கூட பதில் இல்ல. மாத்தி எழுதுனேன். மார்ச் 1 வர்றேன், ஆகஸ்ட் 31 காலி பண்றேன், ஒரே ஆளு, தினமும் சமைப்பேன் ஆனா மீன் கிடையாது, கம்பெனி லெட்டர் இதோ, எங்க வீட்லயும் ரூம் விடறோம் அதனால ஓனர் கஷ்டம் தெரியும். எழுதுன ஜெர்மன் பாதி தப்பு. இருவது பேருக்கு தான் அனுப்பினேன், நாலு பதில், ரெண்டு வீடியோ கால், ஒரு ரூம்.

ரூம் ப்ளோகிங்கன்ல. எஸ்1 ட்ரெயின்ல எஸ்லிங்கனுக்கு பத்து பன்னெண்டு நிமிஷம், ஸ்டுட்கார்ட்டுக்கு அரை மணி. வேலூர்ல வேலைய வெச்சிக்கினு குடியாத்தத்துல தங்கற கதை, ஆனா டாய்ச்லாண்ட் டிக்கெட் அப்ப மாசம் 49 யூரோ, அத வாங்கிட்டா லோக்கல் ட்ரெயின் பஸ் எல்லாத்துலயும் போலாம், அதனால தூரம் ஒரு கணக்கே இல்ல. சிட்டிக்குள்ளயே பாப்பேன்னு அடம் பிடிக்காதீங்க, ட்ரெயின் லைன புடிச்சிக்கினு நாலு ஸ்டேஷன் தள்ளி தேடுங்க.

வாடகை 340, அது கால்ட்மீட்டெ, வெறும் ரூமுக்கு. தண்ணி, ஹீட்டர், குப்பை எல்லாம் சேத்து 90, மொத்தம் 430, இதுக்கு பேரு வார்ம்மீட்டெ. விளம்பரத்துல எது போட்டிருக்குன்னு பாக்காம சந்தோஷப்படாதீங்க. அட்வான்ஸ் சட்டப்படி மூணு மாச கால்ட்மீட்டெய தாண்டக்கூடாது, என்கிட்ட ரெண்டு மாசம் தான் வாங்கினாங்க, 680. அம்மா கணக்கு போட்டுட்டு, "நாப்பதாயிரத்துக்கு ஒரு ரூமா, அந்த காசுக்கு சத்துவாச்சாரில வீடே ரெண்டு எடுக்கலாமேடா"ன்னாங்க.

வாடகைய விட முக்கியமானது ஒரு பேப்பர். வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். பேர சொல்லி முடிக்கறதுக்குள்ள காட்பாடி வந்துடும். இந்த ஆளு என் வீட்ல குடி வந்துட்டாருன்னு ஓனர் எழுதிக் குடுக்கறது. குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அத எடுத்துக்கினு போய் டவுன் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், இதுக்கு பேரு ஆன்மெல்டுங். பதிவு பண்ணா தான் டாக்ஸ் நம்பர் தபால்ல வரும், அந்த நம்பர் இல்லன்னா சம்பளத்துல ஏகத்துக்கு புடிப்பாங்க. என் கூட இருந்த இன்னொரு இன்டர்ன் 50 யூரோ கம்மின்னு ஒரு ரூம் எடுத்தான், அந்த ஓனர் பேப்பர் தர மாட்டேன்னுட்டான், ஒரே மாசத்துல அவன் வேற ரூம் தேடி அலைஞ்சான். ரூம் பேசும்போதே ஆன்மெல்டுங் பண்ணலாமான்னு கேட்டுடுங்க.

அந்த தபால் விஷயத்துல நானும் மாட்டினேன். டாக்ஸ் லெட்டர் வரவேயில்ல. பாத்தா, அங்க லெட்டர் பெட்டில நம்ம பேர் ஒட்டியிருக்கணுமாம், இல்லன்னா போஸ்ட்மேன் திருப்பி எடுத்துக்கினு போயிடுவான். நான் என் பேர எழுதி ஒட்டியிருந்தேன், ஆனா பாஸ்போர்ட்ல சர்நேம்னு இருக்கறது அப்பா பேர், லெட்டர்லாம் அந்த பேருக்கு தான் வருது. கிழிச்சிட்டு அப்பா பேர பெருசா எழுதி ஒட்டினேன், போட்டோ எடுத்து அனுப்பினேன். அவரு அத தெருவுல பாதி பேருக்கு காட்டிட்டாரு, ஜெர்மனில என் பேர்ல பெட்டி கீதுன்னு.

ஓனர் பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும், கீழ் வீட்ல இருந்தாங்க. நல்லவங்க, ஆனா ரூல்ஸ் ரூல்ஸ் தான். தினமும் காலைல அஞ்சு நிமிஷம் ஜன்னல முழுசா தொறக்கணும், வெளிய நாலு டிகிரி இருந்தாலும். நான் குளுருக்கு பயந்து மூடியே வெச்சிருந்தேன், தினமும் சாதம் சாம்பார் வேற, ஏப்ரல் மாசம் கட்டில் பின்னாடி சுவத்துல கருப்பா பூஞ்சை. பாட்டி வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல, அவங்களே போய் ஜன்னல தொறந்துட்டு கைய கட்டிக்கினு நின்னாங்க. அந்த அஞ்சு நிமிஷமும் நானும் பக்கத்துலயே நின்னேன்.

அப்புறம் கேர்வோஹெ. அந்த ஊர் பக்கத்துல இருக்கற வழக்கம், வாரத்துக்கு ஒரு வீடு மாடிப்படிய பெருக்கி தொடைக்கணும், முறை வந்தா கதவுல ஒரு பலகைய மாட்டிட்டு போயிடுவாங்க. எங்க முறை வந்தப்ப நான் வாசல் தெளிக்கற மாதிரி பக்கெட் தண்ணிய எடுத்து மேல இருந்து ஊத்திட்டேன். மரப்படி. தண்ணி ரெண்டு மாடி எறங்கி பாட்டி கதவு வரைக்கும் போச்சு. ஈரத்துணியால தொடைக்கணும்னு தெரியறதுக்கு எனக்கு அந்த ஒரு சனிக்கிழமை போதும்.

மத்த செலவு பெருசா இல்ல. டிவி ரேடியோவுக்குன்னு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டணும், டிவி இல்லன்னாலும்! எங்க வீட்ல மூணு பேர்ங்கறதால ஆளுக்கு 6.12. நெட் வாடகையிலயே வந்துடுச்சு.

காலி பண்ணப்ப சுவத்த தேச்சு பெயிண்ட் அடிச்சு குடுத்தேன், அதுக்கு காசு புடிக்கல. 680ல 580 மூணு வாரத்துல வந்துடுச்சு. பாக்கி 100 தண்ணி, ஹீட்டர் வருஷ கணக்கு முடியற வரைக்கும் வெச்சிருப்பேன்னாங்க, போச்சுன்னு தான் நெனச்சேன். மறு வருஷம் 61 யூரோ வந்துச்சு, கூடவே மூணு பக்கத்துக்கு பில். அத அப்பாவுக்கு படிச்சு காட்டினேன், ரொம்ப ஆர்வமா கேட்டாரு, "தண்ணிக்கு தனி, குப்பைக்கு தனி, மாடிப்படி லைட்டுக்கு கூட தனியா போட்டுக்கீறாங்க பாரு".

அம்மா உள்ள இருந்தே குரல் குடுத்தாங்க. "நீ ஆரம்பிச்சிடாத. மேல இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க."